யாரும் தொடாத சோறு

பேய் நாடகம் அன்று மாலை ஒளிபரப்பாக இருந்தது. படமெடுத்த களுதாவளைக் கிராமத்து வீட்டிலேயே உட்கார்ந்து படத்தொகுப்பாளன் யதுர்ஷன் மடிக்கணினியில் பிழை பார்த்துக்கொண்டிருந்தான். காட்சிக்காக வீட்டுக்காரி அன்னப்பூரணி சமைத்து வைத்த சோற்றையும் ஓரா மீன் கறியையும் நடிகர் தொடவேயில்லை. ஆனால் அடுத்த ஷாட்டில் சோறு பாதியாகியிருந்தது. தட்டின் இடப்பக்கம் மீன்முட்கள் குவிந்திருந்தன.

“பேய்க்கும் பசி போல, அன்ரி. இதை வெட்டோணும்.”

அருகில் நின்ற அன்னப்பூரணி சிரிக்கவில்லை. அவளுடைய கணவர் அழகரத்தினம் வாவியில் மூழ்கி இறந்து மூன்று வருடம்.

“முள்ள இப்பிடித்தான் ஒதுக்குவாரு. அண்டைக்குச் சாப்பிடாமத்தான் மனிசன் தோணி ஏறினது. வெட்டாதீங்க தம்பி, முடிக்கட்டும்.”

யதுர்ஷன் வெட்டாமல் அடுத்த ஷாட்டை ஓடவிட்டான். தட்டு வெறுமையாக இருந்தது. அதில் கை கழுவிய தண்ணீர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.