வாயடைத்த குழாய்

பஸ்ஸைவிட்டு இறங்கிய பால்சாமியைத் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை சேதுலட்சுமி. கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தகவல் மையத்துக்குள் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

திருப்பாலைக்குடியின் அந்த மையத்தில் அவளுக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். தினமும் மதியம் இன்டர்நெட்டில் வரும் கடல் வானிலைச் செய்தியை, கரையைப் பார்த்துக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்படி போடவேண்டும்.

நான்கு நாளாக அந்தக் குழாய் ஊமை. ஊரில் ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. இவள்தான் ராமநாதபுரத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பால்சாமியோ இன்றைக்கு, நாளைக்கு என்று நழுவிக்கொண்டே இருந்தான்.

இன்றைய செய்தியில் வாடைக்காற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் என்றிருந்தது. அவள் கணவன் தனுஷ்கோடியின் வள்ளம் மூன்று மணிக்குக் கடலில் இறங்கவேண்டியது. அவள் வாயால் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் இப்படித்தான் எச்சரிக்கையைக் கேட்டு மூன்று நாள் எல்லோரும் கரையிலேயே கிடந்தார்கள். கடல் குளம்போல அடங்கியிருந்தது.

பால்சாமி தன் பாஸ்வேர்டில் நுழைந்ததும் ஸ்பீக்கர் பேசியது. அவள் பெயரில் நுழைந்தால் மூச்சில்லை. இந்தக் கம்ப்யூட்டர் ஓடும் லினக்ஸில் சாதாரண ஆட்களுக்குச் சத்தம் வர ஆடியோ குழு என்ற பட்டியலில் பெயர் இருக்கவேண்டும், அவள் பெயர் அதில் இல்லை என்றான்.

"போன தடவ நீ வந்துட்டுப் போனதுலேருந்துதானப்பா எம் பேரு இல்ல?"

அவன் திரையில் இருந்த எச்சரிக்கையை ஒருமுறை படித்தான். பிறகு ஒரே ஒரு வரியைத் தட்டிவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே போகச் சொன்னான்.

குழாய் கரகரத்தது. அடுத்த நொடி கடற்கரை முழுக்க எச்சரிக்கை முழங்கியது. சன்னல் வழியே பார்த்தாள். வள்ளங்களில் ஏற்றிய வலைகளை ஆட்கள் மணலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நாலு உயிர் போயிருந்தால் நீயா வந்து தாலி கட்டுவாய் என்றாள். மேலதிகாரிக்கு எழுதி உன் வேலைக்கு உலை வைக்கிறேன் என்றாள். குரல் உடையும்வரை ஏசினாள்.

"யாரக் கேட்டு எம் பேர எடுத்த?"

பால்சாமி பையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"கொழாய நிறுத்தச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சுக்கா. மொதக் கையெழுத்து தனுஷ்கோடி அண்ணனோடது."