தாமதமாக வரும் மஞ்சள்

தாரிகாவின் அப்பாவை மணந்து வசுமதி இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தாரிகா அவளை இன்னும் எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. மீன்தொட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசினாள். தொட்டியில் வளரும் செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு நீருக்குள் குமிழ்விடும். தொட்டிக்குள் ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீர் நீலமாக இருந்தால் வாயு போதாது, பச்சையென்றால் சரி, மஞ்சளென்றால் மீன்களுக்கு ஆபத்து.

தாரிகா டியூஷனுக்குப் போயிருந்தபோது குப்பி நீலமாக இருந்தது. வசுமதி வால்வைச் சற்றுத் திறந்தாள். நீலம் மாறவில்லை. இன்னும் திறந்தாள். செடி செழித்தால் தாரிகா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக்கூடும்.

தாரிகா திரும்பியபோது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் வால்வை மூடினாள். ஒரு ஜக்கை வசுமதியிடம் நீட்டினாள்.

"தொட்டித் தண்ணிய மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்துங்க. கேஸ் வெளிய போயிடும்."

வசுமதி விடாமல் ஊற்றினாள். "நீலமாவே இருந்துச்சும்மா."

"அது லேட்டாதான் காட்டும். கேஸ் அதுக்குள்ள போய்ச் சேர நேரமாகும். செடிக்குச் சோறு போடறேன்னு மீனுக்கு மூச்ச அடைச்சிட்டீங்க."

மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்போதுதான் குப்பி மஞ்சளானது. வசுமதி பதறி மறுபடி ஜக்கை எடுக்க, தாரிகா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது முன்னாடி நடந்தத இப்ப சொல்லுது. மீனப் பாருங்க."

பிடித்த கையை எடுக்காமலே அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.