ஒன்பது சிவப்புக் கோடுகள்

"எங்கம்மா என்ன உங்க கைதியா சார்?"

ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பின் அலுவலக அறை. நுழைந்ததும் நுழையாததுமாக நோட்டை மேஜைமேல் போட்டாள் வக்கீலம்மா. படிப்பது கல்லூரியில்தான், வாய்க்காக வீட்டில் வைத்த பேர் அது.

மாஸ்டர் நோட்டைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"நாள் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நின்னு, கால் வீங்கி இங்க வர்றாங்க. அம்மா பையில இதைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பத்து வாக்கியத்துல ஒன்பது தப்பா?"

"தப்புதானேம்மா. மேகம் கறுத்து நிக்குது, 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'. டிக்கெட் எடுத்துப் பெட்டியும் கட்டியாச்சு, 'ஐ ஆம் லீவிங் டுமாரோ'. எல்லாத்துக்கும் 'வில்'லையே போட்டா?"

"போட்டா மழை பெய்யாதா? ரயில் கிளம்பாதா? இதுக்குப் பயந்து அவங்க இங்கிலீஷே வேண்டாம்னு நின்னுட்டா, பதில் சொல்வீங்களா?"

"நீயே வீட்ல சொல்லித் தரலாமேம்மா?"

"தரேன்னுதான் சொல்லியிருக்கேன். பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும்னு..." குரல் சற்று இறங்கி, மறுபடி ஏறியது. "அதை விடுங்க. இப்படிக் கோடு போட்ட கையை நான் பார்க்கணும். நீங்கதானே?"

"நான் இல்லம்மா. போன மாசம் ஒரு டீச்சரைப் போட்டேன். கொஞ்சம் கறார். பக்கத்து ரூம்லதான் இருக்காங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு, சண்டைக்கு வாக்கியங்களைக் கோத்தபடியே கதவைத் தள்ளினாள் வக்கீலம்மா.

உள்ளே இருபது பேர். கரும்பலகை முன்னால், கொண்டையில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு அம்மா!

"போன பேட்ச்ல அவங்கதான் முதல்," என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து.

பலகையில் அம்மாவின் ஆங்கில எழுத்து. வக்கீலம்மா அதை இதுவரை பார்த்ததே இல்லை. இல்லை, பார்த்திருக்கிறாள். நோட்டில், சிவப்பு மையில்.

"அடி, நீயா எடுத்தே? ஆம்புலன்ஸ் டிரைவரோட நோட்டைக் காணோம்னு காலைலேருந்து தவிக்கிறேன்!"

முதல் பெஞ்சில் டிரைவர் தலையைச் சொறிந்தார்.

அம்மா நோட்டை வாங்கிக்கொண்டு வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

"சரி, 'வில்' எங்கதான் வரும்னு கேட்டீங்கல்ல? நாள் குறிக்காம வாக்குக் கொடுக்கிறப்போ. 'ஐ வில் டீச் யூ, அம்மா.' மூணு வருஷமா எங்க வீட்ல கேக்குற வாக்கியம். இதுல ஒரு தப்பும் இல்ல."