ஒட்டி மறைத்த ஜூலை

வகுப்புச் சுவரில் ஜூலை மாத அட்டையின் மேல் யாரோ வேறொரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஓரம் பிய்ந்திருந்த இடத்தில் அடியில் இருந்த எழுத்து எட்டிப் பார்த்தது. குணசேகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்: 'மை ஃபேமிலி.'

பேத்தி சங்கமித்ராவைக் கூட்டிப்போக எல்.கே.ஜி. வகுப்புக்கு வந்தவருக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுவதற்குமான பாடத் தலைப்புகளை ஜூனிலேயே கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஜூன் வாகனங்கள், ஜூலை குடும்பம், அக்டோபர் தசரா. இப்போது குடும்பத்தின் மேல் 'மழை' வந்து உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் வெளியே போய்விட்டதோ?

மகன் சித்தார்த் துபாயில் இருப்பதாகத்தான் பெங்களூரு நீலசந்திரா முழுக்க அவர் சொல்லி வைத்திருந்தார். சிவாஜி நகரில் பேரீச்சம்பழம் வாங்கி, துபாய்ப் பழம் என்று அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தும் ஆயிற்று. அவன் இருப்பதோ இதே ஊர் பொம்மனஹள்ளியில், வேறொருத்தியோடு.

எதிர்ச்சுவரில் போன மாதப் படங்கள். 'அப்பா வேலைக்குப் போகும் வண்டி' என்று கேட்டதற்கு, ஆட்டோவும் டெம்போவும் ஓட்டுகிறவர்கள் நிறைந்த இந்த ஏரியாப் பிள்ளைகள் ஏரோப்ளேனாக வரைந்து தள்ளியிருந்தார்கள். சின்னதுகளுக்கு ஏரோப்ளேன் என்றால் கொள்ளை ஆசை. சங்கமித்ராவும் அவர் சொல்லிக்கொடுத்தபடியே வரைந்திருந்தாள். அதில் மட்டும் அவருக்கு நிம்மதி.

"ஏன் மிஸ், ஜூலையை மாத்திட்டீங்க?"

"மழைக்காலம்தானே சார். பசங்க பேப்பர்ல குடை செய்வாங்க." பிரிஜெட் மிஸ் பிய்ந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது மறுபடியும் எழுந்து நின்றது.

"மழை போன மாசமே வந்தாச்சு. எங்க மருமக ஷோபா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா?"

"இல்லையே சார்."

"அப்போ தெருவுல யாராவது ஊதிவிட்டாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. விடுங்க சார்."

விடச் சொன்னதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டார். "இங்க பாரும்மா. தங்கவயல் மைன்ல மேஸ்திரியா இருந்தவன் நான். ஒருத்தன்கிட்ட தலை குனிஞ்சதில்ல. எங்க வீட்டைப் பாத்து யாரும் பாவப்பட வேணாம். அந்தத் தாளைக் கிழிங்க. குடும்பப் பாடமே நடத்துங்க. எம் பையன் துபாய்ல இருக்கான், கேட்டா போட்டோ அனுப்புவான்."

பிரிஜெட் மிஸ் அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவர் ஏரோப்ளேன்களைப் பார்த்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்காக மாத்தல சார். இந்த கிளாஸ்ல பாதி அப்பாங்க இப்படித்தான் துபாய்ல இருக்காங்க."