செவலைக்கோழி தின்ற பூண்டு

செவலைக்கோழிக்குக் கவலையெல்லாம் கடைசிக் குஞ்சைப் பற்றித்தான். மழை விட்டதிலிருந்து அது வெள்ளையாகக் கழிந்துகொண்டு, இறக்கையைத் தொங்கப் போட்டபடி மூலையிலேயே தூங்கி விழுந்தது. வீட்டுக்காரி பூண்டைத் தட்டி, மஞ்சள் பிசறி, குருணையோடு கலந்து ஒரு தட்டில் வைத்தாள்.

"உடம்புக்கு நல்லதுடா தங்கம், தின்னு" என்றது கோழி. குஞ்சு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பெற்ற மனசு கேட்கவில்லை. பூண்டையெல்லாம் காலால் சீய்த்து ஓரம் தள்ளிவிட்டு, வெறும் குருணையைப் பொறுக்கிக் குஞ்சுக்குப் போட்டது; தானும் அதையே தின்றது.

பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாடு, "ஏன்க்கா, பூண்டு பிள்ளைக்கு ஆகலையா, உனக்கு ஆகலையா?" என்றது.

"எனக்கென்ன நோயா நொடியா? மருந்து அவனுக்குத்தான்."

"அப்ப நல்லதுன்னு சொன்னியேம்மா" என்று குஞ்சு முனகியது.

சாயங்காலம் குஞ்சின் கழுத்து இன்னும் துவண்டது. கோழி ஒரு பூண்டுத் துண்டைக் கொத்தி விழுங்கியது. தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் புழு கிடைத்தால் எப்படிக் கூப்பிடுமோ, அப்படியே ஆசையாகக் கொக்கொக்கென்று கூப்பிட்டது.

"மூஞ்சியில காட்டிராதக்கா" என்று ஆடு கிசுகிசுத்தது.

குஞ்சு தள்ளாடி எழுந்து வந்தது. அம்மா அலகிலிருந்த அடுத்த துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

சில நாளில் அது வாலைத் தூக்கிக்கொண்டு தட்டுக்குள்ளேயே ஏறி நின்றது. "பூண்டெல்லாம் எனக்கு. நீ குருணையைத் தின்னும்மா."

"அடேய்," என்றது கோழி, "எனக்கும் ரெண்டு வைடா."