நாற்பத்தொரு பேர்

கம்ப்யூட்டர் மறுபடியும் நாற்பத்தொரு பேரைக் கக்கியது. இதுவரை அந்த லிஸ்ட் மூன்று பேரைத் தாண்டியதே இல்லை.

ஜெரால்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஜன்னல் வரை போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான். மணி ஒன்றரை.

கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் ஈயம் நாற்பது புள்ளியைத் தாண்டினாலோ, போன தடவையைவிடப் பத்துப் புள்ளி ஏறினாலோ உலைப் பக்கம் விடக்கூடாது, தோட்ட வேலைக்கு மாற்றவேண்டும். ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் அவர்களைப் பொறுக்கி எடுக்கும். அதை ஓட்டுவதுதான் ஜெரால்டின் வேலை.

போன் அடித்தது. மேனேஜர் வீரராகவன்.

"என்னய்யா, சரியாச்சா? ரெண்டு மணி ஷிப்டுக்கு லிஸ்ட்ட கேட்ல ஒட்டணும். நாப்பத்தொரு பேர வெளிய அனுப்பிட்டு, உலைய நீ வந்து பாக்கறியா?"

"பாத்துக்கினே இருக்கேன் சார். கம்ப்யூட்டர் புதுசு, நேத்துதான் மாத்தனாங்க."

போனை வைத்தபோது வாசலில் பாக்கியநாதன் நின்றார். உலையில் பதினோரு வருஷம் வெந்தவர்.

"தம்பி, என் பேரும் கீதாமே?"

"ஆமாண்ணா. ஏதோ தப்பு நடந்திருக்கு. இருங்க."

"அடுத்த வாரம் என்னை மேஸ்திரி ஆக்கறாங்க. இப்பப் போயி செடிக்குத் தண்ணி ஊத்துன்னா மானம் பூடும்பா." வயிற்றை அமுக்கிக்கொண்டார். "இந்த கேன்டீன் நாஷ்டா வேற. தெனம் இதே பேஜாரு."

"உங்களுக்கு எப்பவும் எவ்ளோ ஏறும்?"

"முட்டை! இந்த கம்ப்யூட்டர் கணக்கு வந்து ரெண்டு வருசமா முட்டைதான். இஸ்கூல்ல முட்டை வாங்கனா அடிச்சாங்க, இங்க கை தட்றாங்க."

ஜெரால்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வரியாக இறங்கினான். போன தடவை எண்ணை எடுத்து வரும் ஃபங்ஷனில் வந்து நின்றான். அதே பெயரில் இரண்டு இருந்தன. ஒன்று ஆர் மொழியோடு கூடவே வருவது. மற்றது, புதுக் கம்ப்யூட்டரில் யாரோ தானாக ஏறும்படி வைத்த பேக்கேஜ் என்ற கூடுதல் தொகுப்பில் இருந்து வந்தது. ஒரே பெயர் என்றால் பிறகு வந்ததுதான் ஓடும். முந்தியது சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும்.

"புடிச்சிட்டேண்ணா! ஒரே பேர்ல ரெண்டு. புதுசு வந்து பழச ஓரங்கட்டிடுச்சு."

"நம்ம யூனியன் மாரியே. பின்னாடி வந்தவன அடிச்சுத் தொரத்து."

பேக்கேஜை ஏற்றும் வரியை அழித்துவிட்டு ஓட்டினான். மூன்று பேர். பாக்கியநாதன் பெயர் இல்லை.

"நீ நல்லா இருக்கணும் தம்பி." பாக்கியநாதன் முகமூடியைக் கழுத்தில் மாட்டினார்.

ஜெரால்ட் வீரராகவனுக்குச் சரியாகிவிட்டது என்று மெசேஜ் போட்டான். ஆனாலும் ரெண்டு வருஷமும் முட்டையா என்பது உறுத்தியது.

"அண்ணா, ஒரு நிமிஷம். உங்க ரத்தச் சீட்டு வெச்சிருக்கீங்களா? போன தடவையும் இந்தத் தடவையும்."

"பர்ஸ்லியே கீது. யாரு பிரிச்சுப் பாத்தா?" மடிப்புக் கலையாத இரண்டு சீட்டுகளை மேஜையில் வைத்தார்.

போன தடவை இருபத்துநாலு. இந்தத் தடவை முப்பத்தாறு.

ஜெரால்ட் இரண்டு ஃபங்ஷனையும் தனித்தனியாக ஓட்டி, பாக்கியநாதனின் போன தடவை எண்ணைக் கேட்டான். புதியது இருபத்துநாலு என்றது. பழையது முப்பத்தாறு என்றது, இந்தத் தடவை எண்ணையே அப்படியே திருப்பிக் கொடுத்து.

முப்பத்தாறில் முப்பத்தாறு போனால் முட்டை.

சைரன் ஊதியது. பாக்கியநாதன் படியில் இறங்கினார். ஜெரால்ட் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். கையிலிருந்த போன் அலறியது.

"மெசேஜ் பாத்தேன்யா. நல்ல வேளை. நேத்துலேர்ந்துதானே இந்தத் தப்பு?"

"இல்ல சார். ரெண்டு வருஷமா."