மலை சுத்துற சம்பந்தி

"வந்தவங்க எதிர்ல ஆபரேஷன் கதையை எடுத்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று கணவரை மிரட்டிவிட்டுத்தான் சரசு கேசரிக்கு முந்திரி வறுக்கப் போனாள்.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. போன வருஷம், 2003-ல், பரசுராமனுக்குச் சென்னையில் பைபாஸ் ஆனதிலிருந்து மகள் கவிநிலாவுக்கு வந்த இரண்டு வரன்கள் கைநழுவிவிட்டன. "அப்பனுக்கு நெஞ்சுக் கோளாறு. பொண்ணுக்கும் வராதுன்னு என்ன நிச்சயம்?" என்று தரகரிடமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் சரசுவால் தாங்க முடியாது.

போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வேங்கிக்கால் வந்து இறங்கினார்கள். பையன் அன்பரசன், அப்பா கண்ணாயிரம், அம்மா சந்திரகலா. அந்த அம்மாள் வந்ததுமே வீட்டைக் கண்ணாலேயே அளந்தாள்.

டிபன் ஆயிற்று. பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது பையன் முகத்திலேயே தெரிந்தது.

"குடும்பத்துல யாருக்காவது சுகர், பி.பி.ன்னு..." சந்திரகலா இழுத்தாள்.

"சேச்சே! எங்க வீட்டுக்காரர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துறவருங்க. பதினாலு கிலோமீட்டரு. ஒரு எடத்துல உக்கார மாட்டாரு!" கூசாமல் அளந்துவிட்டாள் சரசு.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க. இவர் நடைக்கு யாரும் ஈடு குடுக்க முடியாது." சந்திரகலாவா விட்டுக்கொடுப்பாள்? "வர்ற வெள்ளிக்கிழமை பௌர்ணமிதானே? ரெண்டு சம்பந்தியும் ஒண்ணா சுத்தட்டும். மறுநாளே தட்டு மாத்திக்கலாம்."

சரசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி வழியிலிருக்கும் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் மனுஷனுக்கு மூச்சு முட்டினால் யார் பதில் சொல்வது?

பரசுராமன் தொண்டையைச் செருமினார். வேண்டாம் என்று சரசு கண்ணாலேயே கெஞ்சினாள்.

"என்னால முடியாதுங்க. போன வருஷம் எனக்கு பைபாஸ் ஆச்சு."

கண்ணாயிரம் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆராய்ச்சிக்குன்னு என் ரத்தத்தை எடுத்தாங்க. நெஞ்சைத் தொறந்து வைத்தியம் பண்ணா உடம்புக்குள்ள வீக்கம் மாதிரி ஒரு அழற்சி வருமாம். நாம போடுற பி.பி. மாத்திரை அதை ஒருத்தருக்கு ஜாஸ்தியா, ஒருத்தருக்குக் கம்மியா அடக்குதா, அது பொறப்புலயே வர்ற ஜீனாலயான்னு பாக்குறாங்க. முடிவு இன்னும் தெரியலை. ஆனா என் ரத்தம்தானே என் பொண்ணுக்கும்? அவ இப்பவே உடம்பைப் பாத்துக்கணும். இன்னைக்கு நான் மறைச்சுக் கட்டிக் குடுத்தா, நாளைக்கு அவளும் ஒரு நெஞ்சுவலியை உங்ககிட்ட மறைக்கத்தானே செய்வா?"

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, இதுவும் போச்சு. இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தி என்ன பிரயோஜனம்? அறை வாசலில் நின்ற கவிநிலா மட்டும் இதுவரை குனிந்திருந்த தலையை நிமிர்த்தி அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

சந்திரகலா சட்டென்று எழுந்து கைப்பையை எடுத்தாள்.

"இருங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..." சரசு பதறிப்போய்க் குறுக்கே வந்தாள்.

சந்திரகலா எங்கும் கிளம்பவில்லை. பையைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். கண்ணாயிரம் வீடே அதிரும்படி சிரித்தார்.

"டிபன் ஆனதும் போட வேண்டிய மாத்திரைங்க" என்றாள் சந்திரகலா. "இவருக்கு பைபாஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க எதிர்ல வேணாம்னு நான்தான் கையைப் புடிச்சு வச்சிருந்தேன். கொஞ்சம் தண்ணி கொண்டாங்க சம்பந்தியம்மா!"